35 மதிப்பெண்ணில் சேர்ந்தேன்

எனக்கு 63 வயது. நாகர்கோவிலில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், பில் புத்தகம், இவைதான் தொழில். ஆஃப்செட் வருவதற்கு முன்னால் இருபது வருடம் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக்கோர்த்தவன். போன ஆனி மாதம் அந்த வலது கையும் கூடவே வலது காலும் விழுந்துவிட்டன. ஒரு தனியார் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் 28 நாள் உள்நோயாளியாக இருந்தேன். அதன் பிறகு வாரம் மூன்று நாள் போய்வந்தேன். அந்தப் பிரிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், இன்னமும் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்ச் சுவர்களில் "வாதம் 100 சதவீதம் குணம்" என்ற நோட்டீஸைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அவற்றில் சிலவற்றை நானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆயிரம் நோட்டீஸ், இரண்டு வண்ணம், முன்பணம் பாதி. அப்போது அதிலுள்ள எழுத்துப் பிழைகளை மட்டும்தான் பார்த்தேன்.

அன்று காலை நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது நன்றாகத்தான் இருந்தேன். ஐந்தரைக்குக் கை மரத்திருந்தது. படுத்த வாக்கு சரியில்லை என்று நினைத்து மறுபடியும் படுத்துவிட்டேன். ஒன்பது மணிக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, வாய் இடப்பக்கமாகக் கோணிவிட்டது. மைத்துனர் காரைக் கொண்டுவந்து நேரே தக்கலைப் பக்கம் ஓர் ஆசானின் வர்ம வைத்தியசாலைக்கு விட்டார். கை கால் விழுந்தால் எங்கள் மாவட்டத்தில் வண்டி தானாகத் திரும்புகிற திசை அது. ஆசான் என்னைக் காரிலிருந்து இறக்கவே விடவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். "இது மூளையில் அடைப்பு. என்னிடம் பிறகு வரலாம். இப்போது ஸ்கேன் இருக்கிற இடத்துக்கு ஓடுங்கள்" என்றார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனாலும் மருத்துவமனையில் போய் இறங்கியபோது மணி 11.45. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைக் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 4.5 மணிநேரத்துக்குள் போட வேண்டும். என் கணக்கில் அது எட்டரைக்கே முடிந்துவிட்டது, அதுவும் நான் போர்வைக்குள் இருந்தபோது. கை மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். மைத்துனரை அழைக்காதீர்கள்.

முதல் மருத்துவமனையில் ஒன்பது நாள். மூளையின் இடப்பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு, அதனால் வலப்பக்கம் விழுந்தது, பேச்சிலும் கொஞ்சம் பழுது. காரணம் தேட இதயத்துக்கு எக்கோ, கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர், சர்க்கரைப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். ரத்த அழுத்தம் 190-க்கு மேல். தலைசுற்றுகிறது என்று மாத்திரையை நானாக நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுவாழ்வுப் பிரிவில் சேர்ந்ததும் அன்றே கையைப் பிடித்து முறுக்கி வேலையை ஆரம்பித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு நாள் அளந்துகொண்டே இருந்தார்கள். மைத்துனர், "எப்போது சிகிச்சை தொடங்கும்?" என்று நர்ஸிடம் மூன்று தடவை கேட்டார். இன்று யோசித்துப் பார்த்தால் கொடுத்த பணத்துக்குப் பாதி மதிப்பு அந்த இரண்டு நாளில்தான் இருக்கிறது.

முதலில் வந்தவர் அந்தப் பிரிவின் தலைமை டாக்டர், மறுவாழ்வு மருத்துவம் படித்தவர். ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக அசைக்கச் சொல்லி 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார். 0 என்றால் எதுவுமே இல்லை. 1 என்றால் தோலுக்கு அடியில் தசை துடிப்பது தெரியும், ஆனால் உறுப்பு நகராது. 3 என்றால் எடையில்லாமல் உயரத் தூக்கலாம். 5 முழு பலம். என் முழங்கால் 3, தோள் 2, விரல்கள் 1. அந்த 1-ஐ அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். என் முன்கையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "மூடுங்கள், மூடுங்கள்" என்றார். நான் மூடினேன், கை அப்படியே கிடந்தது. "வருகிறது" என்றார். எனக்குப் பொய்யாகப் பட்டது. என் இடது கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்குக் கீழே ஏதோ ஒன்று, மீன் தூண்டிலைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி, ஒரு கணம் இழுத்துவிட்டு நின்றது.

அடுத்தது அன்றாட வேலைகளுக்கான மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படியேறுவது என்று பத்து விஷயம், மொத்தம் 100. எனக்கு 35. பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு அதுதானே என்றேன். அப்படிச் சொன்னதாக நான் நினைத்துக்கொண்டேன், வாயில் வந்தது வேறு ஏதோ. யாரும் சிரிக்கவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் பேச்சுக்காகத்தான் வருகிறார் என்று எல்லோரையும் போல நானும் எண்ணியிருந்தேன். அந்தப் பெண் வந்ததும் கரண்டியில் தண்ணீர் கொடுத்தார். ஒரு கரண்டி, பிறகு ஒன்று, அதன் பிறகு ஒரு வாய். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். "ஆ" சொல்லச் சொன்னார். குரல் ஈரமாக, கொளகொளவென்று வந்தது. தண்ணீர் நிறுத்தம். வாதத்தில் விழுங்கும் தசைகளும் பழுதாகலாம், அப்போது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சோற்றைவிடத் தண்ணீர்தான் ஆபத்து என்பது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஒரு வாய் தண்ணீராவது" என்று டம்ளரைத்தான் நீட்டியிருந்தார்கள். அடுத்த இரண்டு வாரம் குடித்ததெல்லாம் கெட்டியாக்கிய கஞ்சி. முதலில் அனுமதி கிடைத்த பழம் மட்டி வாழை, மசித்து.

பேச்சுக்கு வந்தபோது ஒரு படப்புத்தகத்தைத் திறந்தார். படத்தைக் காட்டினால் பெயர் சொல்ல வேண்டும். சாவியைப் பேனா என்றேன், அது என் பழுது. ஆனால் ஒரு பக்கத்தில் பனிக்கட்டியால் கட்டிய வீடு, இன்னொன்றில் ஏதோ வெளிநாட்டு விலங்கு. வாதம் வராத என் மனைவிக்கும் பெயர் தெரியவில்லை. அதை அவர் அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடிவிட்டு, மறுநாள் தன் கைபேசியில் ஆப்பச்சட்டி, கடவம், வள்ளம், தென்னங்குருத்து என்று படம் பிடித்துக்கொண்டு வந்தார். பதினைந்தில் ஒன்பது சொன்னேன். தேர்வே தப்பு என்றால் மதிப்பெண் எப்படிச் சரியாக இருக்கும் என்று அன்று தோன்றியது. இதை அந்தப் பிரிவுக்குக் குறையாகவும் அந்தப் பெண்ணுக்கு நிறையாகவும் எழுதுகிறேன்.

பிசியோதெரபிஸ்ட் இளைஞர், என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். நடக்க வைப்பதற்கு முன்னால் அவர் சொன்ன முதல் விஷயம் தோளைப் பற்றியது. தசை தளர்ந்த கை தன் பாரத்தாலேயே தோள் கிண்ணத்திலிருந்து கீழே இறங்கும். எனக்கு ஒரு விரல் இடைவெளி விழுந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் நிரந்தர வலிதான். அதற்குள் பாசத்தோடு அந்தக் கையைப் பிடித்து உட்கார வைத்த உறவினர்கள் எத்தனை பேர்! கட்டில் தலைமாட்டில் "வலது கையை இழுக்காதீர்கள்" என்று மனைவி எழுதி ஒட்டினார். பார்க்க வந்தவர்கள் அதைப் படித்தார்கள், படித்துவிட்டு இழுத்தார்கள்.

மூன்றாம் வாரம் இணைகம்பிகளுக்கு நடுவே நின்றேன். பாதம் தொங்கியதால் கணுக்கால் தாங்கி வேண்டியிருந்தது. காலுக்கு மாவுக்கட்டு மாதிரி சுற்றி அச்செடுத்து, பிளாஸ்டிக்கில் செய்து கொடுத்தார்கள். அச்சு என்றால் எனக்கு விளக்க வேண்டுமா? முதல் தாங்கி கணுக்காலின் வெளிப்பக்கத்தில் உரசியது. பழகிவிடும் என்றார்கள். பழகாது, அச்சு பிசகியிருக்கிறது என்று பிடிவாதமாக நின்றேன். சூடாக்கி அந்த இடத்தைத் தட்டிக் கொடுத்த பிறகு சரியாயிற்று. தோல் சிவந்து பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் பேசாமல் இருக்காதீர்கள். மரத்துப்போன காலில் புண் வருவது நமக்கே தெரியாது.

தொழில்வழிப் பயிற்சி என்று ஒன்று இருப்பதை அங்கேதான் அறிந்தேன். அதுவும் பிசியோதெரபியும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். இங்கே உடுத்துவது, குளிப்பது, சாப்பிடுவது, செய்த தொழிலுக்குத் திரும்புவது என்று இவற்றைக் கற்றுத்தருகிறார்கள். சட்டை போடும்போது பழுதான கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது கடைசியில் வெளியே வர வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் ஒன்பது நாள் நானும் மனைவியும் சட்டையோடு மல்லுக்கட்டியிருக்கிறோம்.

இங்கேதான் சண்டையும் வந்தது. வியாழக்கிழமைதோறும் மருத்துவர், பயிற்சியாளர்கள், நர்ஸ், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் இலக்கு எழுதுவார்கள். இந்த ஒரு கூட்டத்துக்காகவே இப்படிப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும். ஒருவர் நடக்கச் சொல்லி இன்னொருவர் படுக்கச் சொல்கிற கதை அங்கே கிடையாது. ஆனால் முதல் வியாழன் என் இலக்குத்தாளில் "கம்பு ஊன்றி 50 மீட்டர் நடத்தல், பேன்ட் தானே அணிதல்" என்று எழுதிவந்தது. நான் பிறந்ததிலிருந்து வேட்டிதான். என் மனைவி அறைக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. பேச வராத வாயால் "வேட்டி, வேட்டி" என்று நான் கத்தியதில் அந்தச் சொல் மட்டும் பிசகாமல் வந்தது என்று பேச்சுப் பயிற்சியாளர் குறித்துக்கொண்டாராம். இரண்டாவது வியாழன் மனைவியைக் கேட்டு உள்ளே உட்கார வைத்தோம். இலக்கு மாறியது: ஒட்டிக்கொள்ளும் வேட்டியைத் தானே உடுத்தல், அச்சக மேசையில் இரண்டு மணிநேரம் உட்கார்தல். நீங்களாகக் கேட்காவிட்டால் கூப்பிட மாட்டார்கள். முதல் வாரமே கேளுங்கள்.

விரல்களுக்கு முதலில் பிளாஸ்டிக் முளைகளைக் கொடுத்தார்கள், துளைப்பலகையில் பொருத்த வேண்டும். குழந்தை விளையாட்டு. சலித்துப்போய், வீட்டுப் பரணில் கிடந்த பழைய எழுத்துப் பெட்டியிலிருந்து ஒரு பிடி ஈய எழுத்துகளையும் கோர்க்கும் ஸ்டிக்கையும் கொண்டுவரச் சொன்னேன். தொழில்வழிப் பயிற்சியாளர் பெண் ஓர் எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஈயத்தை அச்சாக அவர் பார்த்ததே இல்லை. ஒவ்வோர் எழுத்தின் உடம்பிலும் ஒரு சிறிய காடி இருக்கும். அது எந்தப் பக்கம் என்று விரலே பார்த்துக்கொள்ளும், கண் தேவையில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு "க" வை எடுத்தேன். நழுவியது. பத்தாவது தடவை நின்றது. விரல் காடியைத் தேடித் தானாக உருட்டப் பார்த்தது, முடியவில்லை. ஆனால் தேடியது. பயிற்சி முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவச் சொன்னார். ஈயம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

வாதம் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை நோய் அடைந்து கிடக்கிறது என்பதும் அந்த வார்டில்தான் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் தென்னையிலிருந்து விழுந்த இளைஞர். முதுகுத் தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அவருக்கு மதிப்பீடே வேறு: எந்த மட்டம் வரை உணர்வு இருக்கிறது, முழுக்காயமா பாதிக்காயமா, A முதல் E வரை தரம். இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, குறித்த நேரத்தில் குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்கத் தானே கற்றுக்கொள்வது, சக்கர நாற்காலியில் கையூன்றி எழும்பி உட்காரும் இடத்துக்கு மூச்சு விடக் கொடுப்பது என்று அவர் பாடம் தனி. எதிரே கல்லூரி மாணவி ஒருத்தி, காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காலும் கீழிருந்து மேலாகத் தளர்ந்து வந்தவள். அவளுக்கு நரம்புகளில்தான் பழுது, நரம்பின் வேகத்தை மின்சாரத்தால் அளந்து பார்த்தார்கள். அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். "அவளுக்குக் கொடுத்த மருந்தை எனக்கும் கொடுங்கள்" என்று தென்னை இளைஞரின் அப்பா டாக்டரிடம் கேட்டதை மறக்க முடியவில்லை. டாக்டர் உட்கார்ந்து, படம் வரைந்து, கால் மணிநேரம் விளக்கினார். அவரிடம் எனக்கு வேறு மனத்தாங்கல் உண்டு, அன்று ஒன்றும் இல்லை.

மனநல ஆலோசகரைத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாம் வாரம் ஒரு பங்காளி இறந்த செய்தி வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அன்றிரவே தொலைக்காட்சியில் பல்பொடி விளம்பரம் பார்த்து அழுதேன். மறுநாள் நானே அவரைக் கூப்பிட்டேன். மூளையில் பட்ட அடியே அழுகையையும் சிரிப்பையும் கட்டவிழ்த்துவிடும், குணம் கெட்டுப்போனதாக எண்ண வேண்டாம் என்றார். உண்மையான மனச்சோர்வு வேறு, பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதுவும் வருகிறதாம். பங்காளி வீட்டில் இதை விளக்க ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

இனி குறைகள். பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். ஞாயிறு எல்லாப் பயிற்சிக்கும் விடுமுறை, அறை வாடகைக்கு விடுமுறை இல்லை. கழிப்பறை வாசலில் நான்கு அங்குலப் படி. வாதக்காரர்களுக்கென்றே கட்டிய பிரிவில் அந்தப் படியைப் போட்ட கொத்தனாரைப் பார்க்க ஆசை. கணுக்கால் தாங்கியின் விலையை முன்கூட்டிச் சொல்லவில்லை, பில்லில்தான் கண்டேன். வீட்டுக்குப் போகும்போது கொடுத்த பயிற்சித்தாளில் "உடற்ப்பயிற்சி" என்று தலைப்பிலேயே பிழை, படங்கள் கரிப்பிடித்த ஜெராக்ஸ், எது வலது எது இடது என்றே தெரியவில்லை. இடது கையால் திருத்திக் கொடுத்தேன்.

ஆனால் அனுப்புவதற்கு முன்னால் வீட்டைப் படம் எடுத்துக் கொண்டுவரச் சொன்னது நல்ல வேலை. எங்கள் வீடு பழைய வீடு, திண்ணைக்கு மூன்று உயரமான படி, கழிப்பறை கொல்லையில். படத்தைப் பார்த்து எங்கே கைப்பிடி, எத்தனை அடி உயரத்தில், கட்டிலுக்கு எத்தனை அங்குலம் முட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சமூகப் பணியாளர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு வழி சொன்னார், 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். போய்வர முடியாத வாரங்களில் அதுதான் கைகொடுத்தது.

எண்ணெய் தடவலாமா என்று கேட்டபோது தலைமை டாக்டர் முகம் சுளிக்கவில்லை. இளஞ்சூட்டில் மெதுவாகத் தடவிக்கொள்ளலாம், தோளை இழுத்து முறுக்கக் கூடாது, உணர்வு குறைந்த இடத்தில் சூடான கிழி வைக்கக் கூடாது என்றார். கிழி ஒத்தடத்தில் வெந்து கொப்புளத்தோடு வந்த ஒருவரை நானே வார்டில் பார்த்தேன். ஆசானிடம் போய் இதைச் சொன்னேன். "நானும் அதைத்தானே சொல்கிறேன்" என்றார்.

28-ஆம் நாள் மதிப்பெண் 70. முதல் மூன்று மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், நிற்காது என்று சொல்லியிருந்தார்கள், அப்படியே நடந்தது. நான்காம் மாதம் விரல்கள் மடங்கி இறுக ஆரம்பித்தன. இரவில் போட்டுக்கொள்ள ஒரு பலகை கொடுத்தார்கள், இறுக்கத்தைத் தளர்த்த ஓர் ஊசியும் போட்டார்கள். அதன் பலன் ஏறத்தாழ மூன்று மாதம் என்று முன்பே சொன்னார்கள், ஊசியின் விலையையும் இந்தத் தடவை முன்பே சொன்னார்கள். இப்போது மேசையில் உட்காருகிறேன், புரூஃப் பார்க்கிறேன். அச்சுக்கோர்க்க இனி முடியாது. கோர்க்கச் சொல்லி யாரும் வருவதும் இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய தலையணை இரண்டு கொண்டுபோங்கள், கைக்கு முட்டுக்கொடுக்க அங்கே தருபவை மெலிந்தவை. கேன்டீன் நன்றாக இருக்கிறது, ரசவடை பிரமாதம். ஆனால் நீரும் திடமும் கலந்த பண்டம்தான் விழுங்குவதில் கடைசிப் பாடமாம். ஒன்பது வாரம் மைத்துனர் என் எதிரே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார். எனக்கு அனுமதி கிடைத்தது பதினோராவது வாரம், பாதி வடை.